ஏழு நாள் வெண்முகிலன்

கவிஞர் வெண்முகிலன் ஆறு ஆண்டுகளாக ஒரு வரிகூட எழுதவில்லை என்பது கோடம்பாக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் மட்டும் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார். "நான் இப்போது மௌனத்தில் இயங்கிக்கொண்டிருக்கிறேன்" என்பார். வளசரவாக்கத்துக் குடியிருப்போர் சங்கம் ஒன்று பொங்கல் விழாவில் கொடுத்த 'சொற்சூறாவளி' பட்டம் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. சூறாவளி அதற்குக் கீழே இருந்த சோபாவில் படுத்திருக்கும்.

பாட்டு எழுதுவதற்கு முன் அவருக்குச் சில ஏற்பாடுகள் தேவைப்பட்டன. முதலில் கோடு போடாத பழுப்புக் காகிதம். அது வந்ததும் பச்சை மை. பச்சை மை வந்ததும் கடல். கடற்கரையில் காற்று காகிதத்தைப் புரட்டியதால் மலை. கொடைக்கானலில் பத்து நாள் தங்கிவிட்டு, கம்பளிக்குள் கை இருந்ததால் எழுத வாய்க்கவில்லை என்று இறங்கி வந்தார். அவர் மனைவி வசுமதி குடிநீர் வாரியத்தில் பொறியாளர். "ஏங்க, அண்ணா நகருக்குத் தண்ணி விடணும்னா நான் மூட் வரட்டும்னு உட்கார முடியுமா?" என்று ஒருமுறை கேட்டாள். தண்ணீரும் கவிதையும் ஒன்றா என்று அவர் இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் எழுதவுமில்லை.

இந்த நிலையில்தான் இசையமைப்பாளர் ஜோயல் ஒரு மெட்டு அனுப்பினான். பத்து வருஷமாகப் பேசிக்கொள்ளாத அண்ணனும் தம்பியும் ஆஸ்பத்திரி மருந்துக்கடை வரிசையில் டோக்கனுடன் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள். அந்த இடத்துக்குப் பாட்டு. மெட்டு ஓடிவிடாமல் பிடித்துவைக்க வாய்க்கு வந்த சொற்களைப் போட்டுப் பாடி அனுப்புவது இந்தத் தொழிலில் வழக்கம். அதற்கு டம்மி என்று பெயர். ஜோயலின் டம்மி இப்படித் தொடங்கியது: 'பப்பாளி பப்பாளி, பக்கத்து சீட்டு காலி.'

நான்கு மாதம் கழித்து ஜோயல் போன் செய்தான். மரியாதையான பிள்ளை. குரலை உயர்த்தவில்லை.

"சார், அறுபது நாள்ல வரி வரலைன்னா டம்மியையே விட்டுடலாம்னு டைரக்டர் சொல்றார். அவருக்கு அது காதுல பழகிப்போச்சு. போஸ்டர்ல உங்க பேரு ஏறிடுச்சு சார், அதை எடுக்க மாட்டோம். அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்."

வெண்முகிலனுக்கு வியர்த்தது. இனி எந்த மேடையில் ஏறினாலும் 'பப்பாளி தந்த பாவலர்' என்றுதான் அழைப்பார்கள். அவரிடம் மிச்சம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதற்கு அறுபது நாள் கெடு.

அப்போது சென்னையில் நகல் எடுக்கும் நிலையங்கள் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மனிதனின் மனத்தை அப்படியே பிரதி எடுத்துப் பெட்டிக்குள் எழுப்பி வேலை வாங்கலாம். பெரிய மனிதர்கள் தங்கள் நகலை உறவினர் வீட்டு வரவேற்புகளுக்குத் திரையில் அனுப்பினார்கள். ஒருவர் தன் நகலைத் தியானம் செய்யவிட்டு, அதன் பலன் தனக்கு வருகிறது என்று புத்தகம் போட்டார். எட்டாம் நாள் ஆனதும் நகல்களுக்கு வீட்டு நினைப்பு வருகிறது, 'பிள்ளைகளைக் காட்டு' என்கின்றன என்று வழக்கு வந்தபின் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. எந்த நகலுக்கும் ஏழே நாள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பழைய நட்டு போல்ட்டு பட்டறையின் மாடியில் அப்படி ஒரு நிலையம் இருந்தது. நகல் எழுப்பும் வேலையைப் பார்த்தவள் ஜெசிந்தா. முப்பது வயதிருக்கும். அதற்குள் நானூறு பேரை எழுப்பியிருந்தாள்.

"தூங்குற மாதிரிதான் சார். இதைத் தலையில மாட்டிக்கிட்டு அரை மணி நேரம் படுங்க. அந்த நேரத்துல மனசு எப்படி இருக்கோ அப்படியே உள்ள எழுந்திரிக்கும். எழுந்ததும் நீ நகல்னு சொல்லிடணும், அது சட்டம். ஏழாம் நாள் இதே நேரத்துல நிறைவு."

"நிறைவு என்றால்?"

"அணைச்சிடுவோம் சார்."

கையில் இருந்த விளம்பரத் தாளில் 'நிறைவு' என்று பொன்னெழுத்தில் போட்டு இரண்டு தாமரை வரைந்திருந்தார்கள். வெண்முகிலன் தாமரையைப் பார்த்துக்கொண்டார். நகல் எழுதுவது தன்னுடைய எழுத்துதானே என்று மட்டும் கேட்டார். கையெழுத்துகூட உங்களுடையதுதான் என்றாள். மாலை ஆறு மணிக்கு அவர் கண்ணை மூடும்போது கடைசியாக நினைத்தது இதுதான்: அப்பாடா, இனி அவன் பார்த்துக்கொள்வான்.

பெட்டிக்குள் எழுந்த நகலிடம் ஜெசிந்தா சட்டப்படி, "நீங்கள் கவிஞர் வெண்முகிலனின் நகல்" என்று வாசித்தாள். "சொற்சூறாவளி என்பதையும் சேர்த்து வாசியுங்கள்" என்றது நகல்.

அசல் அதற்குள் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போய் 'உழைப்பின் உன்னதம்' பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்திருந்தார். மூன்றாம் நாள் நிலையத்துக்குப் போனார். நகலுக்கு முகம் இல்லை. குரல் உண்டு, எழுதினால் திரையில் தெரியும். திரை வெள்ளையாக இருந்தது.

"வணக்கம் கவிஞரே," என்றார் இவர்.

"வணக்கம் கவிஞரே. மெட்டு உள்ளே இறங்கியிருக்கிறது. ஊறட்டும்."

"ஊறட்டும், ஊறட்டும்."

இரண்டு கவிஞர்களும் மிகுந்த மரியாதையுடன் பிரிந்தார்கள். எவ்வளவு ஆழமான மனிதர் என்று நினைத்தபடியே வெண்முகிலன் ஆட்டோவில் ஏறினார். திருமங்கலம் தாண்டும்போதுதான் அந்த 'ஊறட்டும்' யாருடைய சொல் என்று உறைத்தது.

ஐந்தாம் நாள் ஜெசிந்தா போன் செய்தாள். நகல் முதலில் பழுப்புக் காகிதம் கேட்டதாம், திரையைப் பழுப்பாக்கினார்களாம். கடல் சத்தம் கேட்டதாம், போட்டார்களாம். காற்று அதிகம் என்றதாம். இன்று காலையில் தயங்கித் தயங்கி, தனக்கு ஒரு நகல் எடுத்துத்தர விதி இருக்கிறதா என்று விசாரித்ததாம்.

ஏழாம் நாள் முடிந்தபின், நகல் எழுதிய அனைத்தும் ஒரு தாளில் அச்சாகி வீட்டுக்கு வந்தது. மேலே நடுவில் ஒரு பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே இரண்டு கோடு. அவ்வளவுதான். வசுமதி அதை வாங்கிப் பார்த்தாள்.

"உங்க கையெழுத்தேதான். அச்சு அசல்" என்றாள்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்கு ஆதாரமாக இருக்கட்டும் என்று அவர் அந்தத் தாளை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, மறுநாளே அம்பத்தூருக்குப் போய்ச் சத்தம் போட்டார். பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றார். தமிழுக்கு இழைக்கப்பட்ட துரோகம் என்றும் சொல்லிப் பார்த்தார். ஜெசிந்தா அவர் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தாள்.

"சார், படுக்கும்போது என்ன நினைச்சீங்க?"

அவர் மேசையில் கிடந்த தாமரைத் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"வேற யாரோ பார்த்துக்குவாங்கன்னு நினைச்சீங்க. அதுவும் அப்படியே நினைச்சுக்கிட்டு எழுந்திரிச்சுது. படுக்கும்போது உங்ககிட்ட இல்லாதது உள்ள எங்கிருந்து வரும்?" அவள் தன் நானூறு பேரையும் ஒரு முறை மனதில் புரட்டிப் பார்த்ததுபோல் இருந்தது. "நான் பார்த்தவரைக்கும், எழுதிட்டு இருக்கும்போது பாதியில எழுந்து வந்தவங்க நகல் மட்டும்தான் எழுதும். தினம் எழுதுற கைன்னா அதுவும் அப்படியே பிரதியாகும் சார். நாற்பது நாள் எழுதுங்க, நல்லா இருக்கணும்னு இல்ல. டம்மிதான், ஆனா தினம். நாற்பத்தொண்ணாம் நாள் எழுதிட்டு இருக்கறப்பவே வண்டி பிடிச்சு வாங்க. கட்டணம் வேண்டாம்."

வெண்முகிலன் கணக்குப் போட்டார். நாற்பது நாள் கஷ்டப்பட்டால் உழைக்கும் நகல் ஒன்று கிடைக்கும். வேண்டும்போதெல்லாம் அப்படிப் புதிதாக ஒன்றை எழுப்பிக்கொண்டு வாழ்நாள் முழுக்கச் சோபாவில் இருக்கலாம். சோம்பலுக்காக ஒரு மனிதன் செய்யக்கூடிய மிகப்பெரிய தியாகம் இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. சம்மதித்தார்.

காலை ஆறரை மணி. அவருடைய எழுத்தறையில் தேக்கு மேசையும் பதினான்கு கேடயங்களும் இருந்தன. அங்கே உட்கார்ந்தால் கேடயங்களைத் துடைக்கத் தோன்றியது. அதனால் சாப்பாட்டு மேசைக்கு வந்தார். எதிரே வசுமதி டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கிளம்பும் ஏழே கால் வரை நேரம். முதல் நாள் குக்கரைப் பற்றி எழுதினார். மெட்டுக்கு அளவாக இருந்தது. மற்றபடி பப்பாளிக்கு அண்ணன். கிழிக்கப் போன கையை வசுமதி பிடித்துக்கொண்டாள். கிழிப்பதற்குக் காரணம் தேட அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார் என்பது அவளுக்குத் தெரியும்.

நாலாம் நாள் பிள்ளையார் சுழியை விட்டார். அதை அழகாகப் போடுவதிலேயே ஐந்து நிமிடம் போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் தாம்பரத்தில் ஒரு பாராட்டு விழா. அன்றைக்கு எழுதவில்லை. பத்தாம் நாள் உட்கார்ந்தபோது முதல் நாளைவிடக் கடினமாக இருந்தது. ஒரு நாள் விட்டதற்கு மூன்று நாள் பிடித்தது. அடுத்த விழாவுக்கு அழைக்க வந்தவர்களிடம், பூமாலைதானே, ஆளனுப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

பதினேழாம் நாள் வசுமதி பாத்திரம் துலக்கும்போது அவருடைய ஒரு மோசமான வரியை முணுமுணுத்தாள். அவர் கேட்காததுபோல் இருந்தார். அன்றைக்கு இரண்டு டம்மி எழுதினார்.

முப்பத்தொன்றாம் நாள், சட்னி தாளிக்கும் சத்தத்துக்கு நடுவில், அண்ணனும் தம்பியும் வந்து நின்றார்கள்.

'என் கையில நாற்பது,
உன் கையில நாற்பத்தொண்ணு,
நடுவில நிக்குது பாரு
நம்பரே இல்லாத பத்து வருஷம்.'

எழுதிவிட்டு நிமிர்ந்தார். வசுமதி படித்தாள். அன்றைக்கு அவள் அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் தாமதம். அண்ணா நகருக்குத் தண்ணீர் வழக்கம்போல் போனது.

நாற்பதாம் நாள் பல்லவி முடிந்திருந்தது. முதல் சரணம் முடிந்திருந்தது. இரண்டாம் சரணத்தில் கடைசி இரண்டு வரி மட்டும் பிடிபடாமல் நின்றது. மறுநாள் அதன்மேல் முட்டிக்கொண்டிருக்கும்போதே ஆட்டோ வந்துவிட்டது. மை காயாத விரலுடன் படுத்தார். இந்த முறை அவர் கடைசியாக நினைத்தது அந்த இரண்டு வரியைத்தான்.

எட்டு மணிக்கு நகல் எழுந்தது. ஜெசிந்தா சட்டத்தை வாசித்தாள்.

"சரிம்மா. பேப்பர்" என்றது நகல்.

திட்டப்படி அசல் இப்போது வீட்டுக்குப் போய் மதியம்வரை தூங்க வேண்டும். நாற்பது நாளாக அதற்காகத்தான் எழுந்தார். ஆனால் வரவேற்பறை நாற்காலியைவிட்டு எழ முடியவில்லை. உள்ளே ஒருவன் தன் வரியைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பே குறுகுறுத்தது. நிலையத்து டோக்கனைத் திருப்பிவைத்து அதன் முதுகில் எழுதத் தொடங்கினார்.

கால் மணி நேரத்தில் ஜெசிந்தா வந்து, உள்ளே கூப்பிடுகிறார் என்றாள்.

"தண்டபாணி," என்றது நகல். வெண்முகிலனின் வீட்டுப் பெயர் அது. அப்படி அவரைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். "வெளியில உட்கார்ந்து எழுதிக்கிட்டு இருக்கதானே?"

"ஆமா."

"எனக்குத் தெரியாதாடா. அந்த ரெண்டு வரியை விட்டுடு. எனக்குக் கொடு."

நாற்பது நாளுக்கு முன் என்றால் முழுப் பாட்டையும் கும்பிட்டுக் கொடுத்திருப்பார். இப்போது இரண்டு வரியைக் கொடுக்கக்கூட மனம் வரவில்லை. நாற்பது நாள் எழுதியது நான் என்றார்.

"நானும்தான். அதே நாற்பது நாள். குக்கர் பாட்டுகூட எனக்கு மனப்பாடம். இன்னைக்குக் காலைல எட்டு மணிவரைக்கும் நாம ஒரே ஆள். இனிமே உனக்கு நாளைக்கு, நாளன்னைக்குன்னு காலையா வரிசையில நிக்குது. எனக்கு எண்ணி ஏழு."

தண்டபாணி டோக்கனைப் பார்த்தார். அதில் பாதி வரி இருந்தது. அதை அடித்துவிட்டு, தொழிலில் ஊறிய மனிதராகையால், ஒன்றை மட்டும் கேட்டார். "பேரு?"

நகல் சிரித்தது. "போஸ்டர்ல இருக்கறது வெண்முகிலன். அதை நான் வச்சுக்கறேன். சொற்சூறாவளியும் எனக்கே. நீ தண்டபாணியாவே இரு. அந்தப் பேர்கிட்ட இன்னும் யாரும் எதையும் எதிர்பார்க்கலை. நிம்மதியா எழுதலாம்."

இருபது நிமிடத்தில் திரையில் அந்த இரண்டு வரி வந்தது. தம்பி மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் முன்னால் நிற்கும் அண்ணனிடம் நீட்டுகிறான்.

'டாக்டர் எழுத்து புரியலன்னு என்கிட்ட நீ நீட்டுற,
பத்து வருஷப் பேச்ச ஒரு மாத்திரை பேர்ல தொடங்குற.'

தண்டபாணி இரண்டு முறை படித்தார். தானும் அங்கேதான் போயிருப்போம் என்று தெரிந்தது. போகவில்லை என்பதும் தெரிந்தது.

ஜோயலுக்குப் பாட்டு போய்ச் சேர்ந்தது. அவன் போன் செய்து, பாட்டு அப்படியே போகிறது சார் என்றான். ஆனால் முகப்பில் ஒரு ஹம்மிங் மாதிரி பப்பாளியை மட்டும் டைரக்டர் வைத்துக்கொள்ளச் சொல்கிறார், பிரிக்க முடியவில்லை என்றான். வெண்முகிலனாக இருந்தால் பத்திரிகையாளர் சந்திப்பு வைத்திருப்பார். தண்டபாணி, வேறு மெட்டு இருந்தால் அனுப்பு என்று கேட்டார். ஒன்றல்ல, இரண்டு பிரதி, உள்ளே இருப்பவனுக்கும் சேர்த்து.

அடுத்த நாட்களில் நகல் காலைக்கு ஒரு பாட்டு எழுதியது. தண்டபாணி ஆறரைக்கு வீட்டில் எழுதிவிட்டு, பிறகு அம்பத்தூர் போய் ஒப்பிட்டுப் பார்த்தார். பல்லவி சில சமயம் ஒன்றாக இருந்தது. சரணத்தில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் விலகினார்கள். ஐந்தாம் நாள் வசுமதியும் வந்தாள். நகலுடன் தனியாகப் பத்து நிமிடம் பேசினாள். திரும்பும் வழியில் தண்டபாணியிடம் சொன்னாள்.

"அவர் என்கிட்ட, அண்ணா நகருக்குத் தண்ணி ஒழுங்கா போகுதான்னு கேட்டார்."

"நானும் கேட்டிருப்பேன்."

"கேட்டிருக்கலாம்" என்றாள்.

கடைசி நாளுக்கு முந்தைய நாள் அவர் ஜெசிந்தாவிடம் ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீட்ட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றாள். அவள் நானூறு தடவை சொன்ன பதில் அது. பிறகு அவராகவே, அந்த முதல் நகல் கடைசி நாளில் என்ன செய்தது என்று கேட்டார். இதுவரை அது அவருக்குத் தோன்றவில்லை.

"ஏழாம் நாள் சாயங்காலம் ஆறு மணிவரைக்கும் கடல் சத்தம் கேட்டுட்டு இருந்தார் சார். ஆறு பத்துக்கு, மணி என்னம்மான்னு கேட்டார். சொன்னேன். கடலை நிறுத்து, பேப்பர் கொடுன்னார். சுழி போட்டு, கோடு இழுத்தார். ரெண்டாவது கோடு இழுத்து முடிக்கவும் ஆறரை ஆகவும் சரியா இருந்துது."

பர்ஸில் நாலாக மடித்த தாளை அவர் ஒன்றரை மாதமாகச் சுமந்துகொண்டிருந்தார். வெளியே வந்து ஆட்டோவில் அதைப் பிரித்துப் பார்த்தார். இரண்டாவது கோடு ஓரத்தில் கொஞ்சம் நடுங்கியிருந்தது.

கடைசிக் காலை ஏழு மணிக்கு நிலையம் திறந்ததும் உள்ளே போய்த் திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். இவர் தாளில் எழுதினார். நகல் திரையில் எழுதியது. பேச்சு அதிகம் இல்லை. ஒரு இடத்தில் நகல், 'குடை'க்கு முன்னால் என்ன போடலாம் என்று கேட்டது. இவர் ஒன்று சொன்னார். வேண்டாம் என்றது. ஏழு ஐம்பத்திரண்டுக்குத் திரையில் எழுத்து நின்றது.

'மழை விட்டும் மடக்காத குடை போல'

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. முடிச்சுடேன்" என்றார் தண்டபாணி.

"முடிக்கலாம். என்ன வரும்னும் தெரியும். முடிச்சா நாளைக்கு நீ வெறும் பேப்பர் முன்னாடி உட்காரணும். உன்னைப் பத்தி எனக்குத் தெரியும். பச்சை மை தேடுவ. பாதி வரி இருந்தா கை தானா போகும்." பிறகு, "வசு கிளம்பறதுக்குள்ள உட்கார்ந்துடு" என்றது.

மீதி நிமிடங்களில் இருவரும் பப்பாளியை ஒரு தடவை சேர்ந்து பாடினார்கள். ஜெசிந்தாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. எட்டு மணிக்கு அவள் பொத்தானை அழுத்தினாள். 'நிறைவு' என்ற அந்த விளம்பரத் தாளின் சொல்லை அன்றைக்கு அவள் சொல்லவில்லை.

மறுநாள் ஆறரைக்குத் தண்டபாணி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். பர்ஸிலிருந்து அந்தத் தாளை எடுத்து மடிப்பை நீவினார். சுழி இருந்தது, இரண்டு கோடும் இருந்தது. அதற்குக் கீழே பாதி வரியைத் தன் கையால் எழுதினார். குக்கர் முதல் விசில் அடித்தது. பேனா நிற்கவில்லை.

ஏழே காலுக்கு வசுமதி செருப்பை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். தாளில் சரணம் பாதிவரை இறங்கியிருந்தது.

"தண்ணி இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார் தண்டபாணி.

அவள் ஒரு செருப்புடன் நின்றாள். "வில்லிவாக்கம்" என்றாள். பிறகு தாளைக் காட்டி, "முடிஞ்சுதா?"

"பாதியில நிறுத்தியிருக்கேன்."

"ஏன்?"

"நாளைக்கு வேணும்."